வேலை நேரத்தில் பொம்மை செய்தவர்!

குட்டீஸ்... சூப்பர் மரியோவைத் தெரியாதவர்கள் உங்களில் யாராவது உண்டா? சிவப்புத் தொப்பியும், கொழுகொழு மூக்கும், கறுப்பு மீசையுமாகத் துள்ளித் துள்ளி ஓடுவாரே, அவரேதான்! எத்தனை உயரத்திலிருந்து தரையில் குதித்தாலும் அவருக்கு ஒரு சிராய்ப்பு கூட ஏற்படுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வீடியோ கேம் விளையாடும்போது, உங்கள் இடது கை கட்டைவிரல் கூட்டல் குறி வடிவில் இருக்கும் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும். அதை யார் உருவாக்கியது, தெரியுமா?

மரியோவுக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டவரும், அந்த கூட்டல் குறி பட்டனைத் தந்தவரும், பையில் போட்டு எடுத்துச் செல்லும் 'கேம் பாய்' கருவியைக் கொண்டுவந்தவரும் ஒருவரே! அவர்தான், ஜப்பான் நாட்டைச் சேர்ந்த குன்பேய் யோகோய். வீடியோ கேம் ரசிகர்கள் நாலு பேர் கூடி, பழைய விளையாட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இவர் பெயரைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால், இவர் வேலைக்குச் சேர்ந்தது வீடியோ கேம் கம்பெனியில் அல்ல. சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனியில்!

சீட்டுக்கட்டுத் தொழிற்சாலை

யோகோய், 1941ம் ஆண்டு செப்டம்பர் 10ம் தேதி, ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில் பிறந்தார். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். படிப்பு முடிந்ததும், பெரிய பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில், சொந்த ஊரிலேயே இருந்த நின்டெண்டோ என்ற கம்பெனி அவரைச் சேர்த்துக் கொண்டது. அது, 1965ம் ஆண்டு.

நின்டெண்டோ அப்போதே பழைய கம்பெனி. 1889ல் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் அதைத் துவக்கினார். 'ஹனஃபுடா' என்ற ஜப்பானியச் சீட்டுக்கட்டைத் தயாரிப்பதுதான் அதன் தொழில். நம் சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள். ஹனஃபுடாவில் 48 சீட்டுகள். 12 மாதங்களுக்கும் 12 வகைப் பூக்கள், செடிகள். ஒவ்வொன்றுக்கும் நாலு சீட்டுகள். எண்களே இல்லாமல், படங்களை மட்டும் பார்த்து ஆட வேண்டும்.

யோகோய் சேர்ந்தபோது, ஃபுசாஜிரோவின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமாவுச்சி கம்பெனியின் தலைவராக இருந்தார். சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் யோகோய்க்குக் கிடைத்த வேலை. இயந்திரங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், பராமரிப்பவருக்கு என்ன வேலை இருக்கும்? பொழுது போகாமல் தவித்தார் யோகோய். தொழிற்சாலையில் இருந்த கருவிகளை வைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் துவங்கினார்.

நீண்ட கை

அப்படிச் செய்தவற்றில் ஒன்று, நீளும் கை. கடைவீதியில் இழுத்துச் சாத்தும் மடக்கு இரும்புக் கதவைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் பின்னியிருக்கும். இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். அதே அமைப்புதான். ஒரு முனையில் இரண்டு கைப்பிடிகள். மறுமுனையில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் பிடி. கைப்பிடிகளைச் சேர்த்து அழுத்தினால், பட்டைகள் சரேலென்று நீண்டு, தூரத்தில் இருக்கும் பொருளை எட்டிப் பிடிக்கும்.

இதை வைத்து அவர் விளையாடிக் கொண்டிருந்ததை, ஒரு நாள் தலைவர் யமாவுச்சி பார்த்துவிட்டார். தன் அறைக்கு வரும்படி சொல்லி அனுப்பினார். யமாவுச்சி கண்டிப்பானவர். வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழப்போகிறது என்று நடுங்கியபடியே போனார் யோகோய். ஆனால், நடந்ததே வேறு! அந்த பொம்மையை விற்பனைக்கு ஏற்றபடி செய்து தருமாறு சொன்னார் தலைவர். நின்டெண்டோ விளையாட்டுப் பொருள் கம்பெனி என்பதால், அதை ஒரு விளையாட்டாக மாற்ற வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. கையோடு சேர்த்து, கவ்விப் பிடிப்பதற்குச் சிறு பந்துகளையும் கொடுத்தார் யோகோய்.

'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் 1966ல் கடைகளுக்கு வந்தது அந்த பொம்மை. 10 லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது! இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொண்டிருந்த இளைஞர், பொம்மைகளை உருவாக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்.

இடது பக்கம் மட்டும் திரும்பும் கார்!

அதன்பின், அவரது மூளையிலிருந்து வரிசையாகப் புதுமைகள் பிறந்தன. 1967ல், வீட்டுக்குள்ளேயே பந்து வீசி, பேஸ்பால் பழக உதவும் 'அல்ட்ரா மெஷின்' வந்தது. கண்ணாடி உடையாமல் இருக்க, மென்மையான பந்துகள்!

1969ல் 'லவ் டெஸ்டர்' வந்தது. இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் கருவியின் உலோகக் குமிழைப் பிடிக்க வேண்டும். இருவருக்கும் இடையே எவ்வளவு அன்பு என்று முள் காட்டும்! உண்மையில், உடல் வழியாகச் செல்லும் மிக மெல்லிய மின்சாரத்தை அளக்கும் சாதாரண மீட்டர்தான் அது. கை வியர்த்திருந்தால் அன்பு கூடும், காய்ந்திருந்தால் குறையும்! பள்ளி ஆய்வகத்தில் கிடக்கும் மீட்டரை வைத்து, நாலு பேரைச் சிரிக்க வைக்க முடியும் என்று கண்டுகொண்டதுதான் அவரது கெட்டிக்காரத்தனம்.

அடுத்தது, 1970ல் வந்த ஒளித் துப்பாக்கி. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோலார் செல்லை, 'ஷார்ப்' கம்பெனி தயாரித்து வந்தது. எல்லாரும் அதை மின்சாரம் எடுக்கும் பொருளாகவே பார்த்தனர். யோகோய் அதை, ஒளி பட்டதா, இல்லையா என்று கண்டுபிடிக்கும் கண்ணாகப் பார்த்தார். பொம்மைத் துப்பாக்கியில் ஒரு விளக்கு. குறி வைக்கும் இலக்கில் சோலார் செல். விசையை அழுத்தியதும் வெளிச்சம் சரியாக செல்லின் மீது பட்டால், இலக்கு அசையும், சிதறும். குண்டும் இல்லை; ஆபத்தும் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தக் காலத்தில், ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்கள் மிக விலை உயர்ந்தவை. இடப்பக்கம், வலப்பக்கம் என்று தனித்தனியாகக் கட்டளை அனுப்ப வேண்டியிருந்ததால், உள்ளே பாகங்கள் அதிகம். 1972ல் யோகோய் ஒரு கார் செய்தார். அது நேராகப் போகும். இடது பக்கம் மட்டும் திரும்பும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது! இது என்ன அரைகுறை கார் என்று தோன்றுகிறதா? வட்டமான பந்தயப் பாதையை நினைத்துப் பாருங்கள். அதில் சுற்றி வரும் கார்கள் ஒரே பக்கம் திரும்பினால் போதாதா? பாதிப் பாகங்கள் மிச்சம்; விலையும் குறைந்தது. 'லெஃப்டி' என்று அதற்குப் பெயர் வைத்தனர்.

சருகாகிப் போன தொழில்நுட்பம்

யோகோய் ஒரு கொள்கை வைத்திருந்தார். புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடக் கூடாது. விலை அதிகம், எப்போது பழுதாகும் என்றும் தெரியாது. அதற்குப் பதிலாக, எல்லாரும் பயன்படுத்திப் பழகி, குறைகள் எல்லாம் நீங்கி, விலையும் மலிந்துபோன பழைய தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை யாரும் நினைக்காத வேறொரு வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்.

அந்த மாதிரித் தொழில்நுட்பத்தைக் குறிக்க, காய்ந்து சருகானது என்று பொருள் தரும் ஜப்பானியச் சொல்லை அவர் பயன்படுத்தினார். நேராக முன்னால் ஓடாமல், பக்கவாட்டில் யோசிக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. இந்தக் கொள்கை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்ப்போம்.

ரயிலில் கிடைத்த யோசனை

நல்ல காலம் எப்போதும் நீடிப்பதில்லை அல்லவா? காலியாகக் கிடந்த பவுலிங் மையங்களில், ஒளித் துப்பாக்கியால் சுடும் பெரிய விளையாட்டு அரங்குகளை, 1973ல் அமைத்தது நின்டெண்டோ. அதே ஆண்டு, உலகம் முழுவதும் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. ஜப்பான் தடுமாறியது, வந்த ஆர்டர்கள் ரத்தாயின. கம்பெனிக்குப் பெரும் கடன். அதிலிருந்து மீள, பல ஆண்டுகள் ஆயின.

1970களின் இறுதியில், ஒரு நாள் யோகோய் அதிவேக புல்லட் ரயிலில் போய்க் கொண்டிருந்தார். அருகில், ஆபீஸ் வேலைக்குப் போகும் ஒருவர், பொழுது போகாமல் கையிலிருந்த கால்குலேட்டரின் பட்டன்களைத் தட்டிக்கொண்டே இருந்தார். கணக்கு எதுவும் போடவில்லை, சும்மா தட்டினார். அதைப் பார்த்ததும் யோகோய்க்கு ஒரு பொறி தட்டியது. பிறர் கண்ணில் படாமல், மடியில் வைத்து விளையாடும் அளவுக்குச் சின்னதாக ஒரு கேம் இருந்தால், இவரைப் போன்றவர்கள் வாங்க மாட்டார்களா?

யோசனை மனதிலேயே கிடந்தது. ஒரு நாள், தலைவர் யமாவுச்சியின் கார் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. தலைவரிடம் இருந்தது இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வெளிநாட்டுக் கார். அதை ஓட்டத் தெரிந்த யோகோயை அழைத்தனர். இன்ஜினியருக்கு டிரைவர் வேலை! யோகோய்க்குச் சற்று வருத்தம்தான். வழியில் சும்மா வருவானேன் என்று, கால்குலேட்டர் அளவிலான கேம் பற்றித் தலைவரிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். தலைவர் பெரிதாகக் காட்டிக் கொள்ளவில்லை. ஆனால், போன இடத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஷார்ப் கம்பெனியின் தலைவர்!

கால்குலேட்டர் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்து, களைத்துப் போயிருந்த நேரம் அது. எல்.சி.டி. திரைகளுக்கும், கால்குலேட்டர் சில்லுகளுக்கும் புதிய வேலை தேவைப்பட்டது. சில நாட்களிலேயே ஷார்ப் கம்பெனி அதிகாரிகள் நின்டெண்டோ வாசலில் வந்து நின்றனர். விஷயம் என்ன என்று தெரியாமல் யோகோய் திகைத்தாராம்!

1980ம் ஆண்டு ஏப்ரலில் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. முதல் விளையாட்டின் பெயர், 'பால்'. ஒரு மனிதர் பந்துகளை மாற்றி மாற்றி மேலே வீசிப் பிடிப்பார். உங்கள் வீட்டு கால்குலேட்டரைப் பாருங்கள். 8 என்ற எண்ணில் ஏழு சிறு கோடுகள் இருக்கும். எந்தக் கோடுகள் கறுப்பாகத் தெரிகின்றனவோ, அதற்கேற்ப எண் மாறும். அந்தக் கோடுகளுக்குப் பதிலாகப் பந்துகளையும், கைகளையும் திரையில் அமைத்துவிட்டனர். ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும்போது, பந்து பறப்பது போல இருக்கும். விளையாடாத நேரத்தில், மணி காட்டும் கடிகாரம்.

பெரியவர்களுக்காக நினைத்துச் செய்த பொருளைப் போட்டி போட்டு வாங்கியவர்கள், உங்களைப் போன்ற குட்டீஸ்தான்! சுமார் 11 ஆண்டுகளில், பல வகை விளையாட்டுகளாக, உலகம் முழுவதும் 4 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் விற்றன. நின்டெண்டோவின் கடன் தீர்ந்தது.

கூட்டல் குறி பட்டன்

அடுத்து வந்தது, 'டாங்கி காங்'. 1981ல், அமெரிக்காவில் விற்காமல் தேங்கிக் கிடந்த பெரிய விளையாட்டு இயந்திரங்களை, வேறு விளையாட்டாக மாற்ற வேண்டிய நெருக்கடி. அந்தப் பொறுப்பை, ஷிகேரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் கொடுத்தார் தலைவர். அவருக்கு வழிகாட்டியாக யோகோய் அமர்த்தப்பட்டார். பீப்பாய்களை உருட்டிவிடும் குரங்கு. அவற்றைத் தாண்டிக் குதித்து ஏறும் தச்சர். இதுதான் டாங்கி காங். குதிக்கும் அந்தத் தச்சர்தான், பிற்பாடு மரியோ ஆனார்!

இதையே சின்னக் கருவியில் விளையாட வேண்டும் என்று 1982ல் முடிவு செய்தபோது, ஒரு சிக்கல். பெரிய இயந்திரத்தில் மரியோவை நடத்த, நிமிர்ந்து நிற்கும் ஒரு குச்சி இருந்தது. புத்தகம் போல மடித்து, சட்டைப் பையில் போடும் கருவியில் குச்சியை எப்படி வைப்பது? நான்கு திசைக்கும் நான்கு தனிப் பட்டன் வைத்தால், எது எந்தப் பட்டன் என்று குனிந்து பார்க்க வேண்டும். நான்கையும் சேர்த்து, கூட்டல் குறி வடிவில் ஒரே பட்டனாக்கினார் யோகோய். நடுவில் கட்டைவிரலை வைத்தால் போதும். எந்தப் பக்கம் அழுத்துகிறோம் என்று விரலுக்கே தெரியும். கண் திரையை விட்டு நகர வேண்டாம்!

மறு ஆண்டு, 1983ல், டி.வி.யில் இணைத்து விளையாடும் நின்டெண்டோவின் 'ஃபேமிகாம்' கருவியிலும் அந்தப் பட்டன் இடம்பெற்றது. அதன்பின், மற்ற கம்பெனிகளும் அதே போன்ற நான்கு திசைப் பட்டனைத் தங்கள் கருவிகளில் வைக்க ஆரம்பித்தன. மடக்கும் கருவியில் இரண்டு திரைகள் வைத்த பழைய யோசனையும் வீண் போகவில்லை. 2004ல் நின்டெண்டோ வெளியிட்ட 'டி.எஸ்.' கருவி, அதே போல மடங்கும் இரட்டைத் திரை கொண்டதுதான்.

1983ல் 'மரியோ பிரதர்ஸ்' விளையாட்டை, மியாமோட்டோவும் யோகோயும் சேர்ந்து உருவாக்கினர். டாங்கி காங்கில், உயரத்திலிருந்து விழுந்தால் மரியோ காலி. புதிய விளையாட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார் மியாமோட்டோ. உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாமல் இருந்தால்தான் என்ன என்று கேட்டார் யோகோய். அது விளையாட்டாகவே இருக்காதே என்று மியாமோட்டோ தயங்கினார். பிறகு, அப்படிச் செய்து பார்த்தபோது, ஜாலியாக இருந்தது! அன்று முதல் மரியோ பயமில்லாமல் குதிக்கிறார்.

அதே 1983ல், அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டனர். 1985ல் நின்டெண்டோ அங்கே நுழைந்தபோது, யோகோய் குழு ஒரு பொம்மை ரோபோவைச் செய்து கொடுத்தது. டி.வி. திரை மின்னுவதைக் கண்களால் கவனித்து, அதன்படி கையை அசைக்கும். ஒளித் துப்பாக்கியில் ஒளியைக் கட்டளையாக்கிய அதே யோசனை! அந்த ரோபோவுக்கு இரண்டே இரண்டு விளையாட்டுகள்தான் வந்தன. ஆனாலும், இது வெறும் வீடியோ கேம் அல்ல, பொம்மை என்று காட்டி, மூடிய கடைக்கதவுகளைத் திறக்க அது உதவியது.

1986ல் யோகோய் குழுவிலிருந்து வெளிவந்த 'மெட்ராய்ட்' விளையாட்டைப் பற்றி ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். தலை முதல் கால் வரை கவசம் அணிந்து, விண்வெளியில் சண்டை போடும் வீரர்தான் கதாநாயகர். விளையாட்டை வேகமாக முடித்தால், கடைசியில் கவசம் கழலும். உள்ளே இருப்பவர், ஒரு பெண்!

நிறமில்லாத வெற்றி

1989ம் ஆண்டு ஏப்ரல் 21ம் தேதி, 'கேம் பாய்' வெளிவந்தது. கேம் அண்ட் வாட்ச்சில், ஒரு கருவியில் ஒரு விளையாட்டுதான். கேம் பாயில், கேசட்டை மாற்றினால் விளையாட்டும் மாறும். சடோரு ஒகாடா உள்ளிட்ட இன்ஜினியர்கள், யோகோய் தலைமையில் இதற்காக உழைத்தனர்.

வண்ணத் திரை வேண்டுமா, வேண்டாமா? இதுதான் அவர்கள் முன்னால் இருந்த பெரிய கேள்வி. வண்ணத் திரை செய்ய அப்போதே முடியும். ஆனால், விலை ஏறும். பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எத்தனை முறை பேட்டரி வாங்க முடியும்? வண்ணம் வேண்டாம் என்று உறுதியாக நின்றார் யோகோய். வெளிறிய பச்சைத் திரை. நாலு விதமான அடர்த்தியில் சாம்பல் உருவங்கள். அவ்வளவுதான்!

அதே 1989ல், 'அட்டாரி' கம்பெனி வண்ணத் திரை கொண்ட 'லின்க்ஸ்' கருவியை இறக்கியது. மறு ஆண்டு 'சேகா' கம்பெனி, 'கேம் கியர்' என்ற வண்ணக் கருவியுடன் வந்தது. பார்க்க அழகாக இருந்தன. ஆனால், ஆறு பேட்டரி செல்கள் போட்டாலும், ஐந்து மணி நேரம் தாங்குவதே கடினம். கேம் பாயோ, நாலே செல்களில் 10 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அமெரிக்காவில் லின்க்ஸ் விலை, கிட்டத்தட்ட 180 டாலர். கேம் பாய், 90 டாலர். பாதி விலை!

வென்றது யார் என்று சொல்லவும் வேண்டுமா? பிற்பாடு 1998ல் வந்த வண்ண கேம் பாயையும் சேர்த்து, 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. ரஷ்யரான அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டு, அமெரிக்காவில் கருவியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. 1993ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ், தன் கேம் பாயை விண்வெளிக்கே எடுத்துச் சென்று, டெட்ரிஸ் விளையாடினார். வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிப்போன ஒரு கேம் பாய், அப்போதும் ஓடியது! நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில், பல ஆண்டுகள் அது காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

இரண்டு கேம் பாய்களை ஒரு வயரால் இணைத்து, நண்பர்கள் சேர்ந்து விளையாடலாம். அந்த வயரைப் பார்த்த சடோஷி தஜிரி என்பவருக்கு, அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவது போல ஒரு கற்பனை தோன்றியது. அதிலிருந்து பிறந்து, 1996ல் வெளிவந்ததுதான் போகிமான்! பிகாச்சு உங்கள் வீட்டுக்கு வந்த கதை இதுதான், குட்டீஸ்.

சிவப்புத் திரையில் சறுக்கல்

இத்தனை வெற்றி கண்டவருக்கும் ஒரு பெரிய தோல்வி காத்திருந்தது. 1990களில், யாருடைய இயந்திரம் அதிக சக்தி வாய்ந்தது, யாருடைய படம் நிஜம் போல இருக்கிறது என்பதே போட்டியாகிவிட்டது. விளையாடும் விதத்தில் யாரும் புதுமை செய்யவில்லையே என்று யோகோய்க்குக் கவலை. வேறு வழியில் போக நினைத்தார். அப்படி உருவானது, 'வர்ச்சுவல் பாய்'.

மேஜை மேல் நிற்கும் பெரிய கண்ணாடி போன்ற கருவி. அதற்குள் முகத்தைப் பதித்துப் பார்த்தால், படம் முப்பரிமாணத்தில் தெரியும். சிவப்பு நிற எல்.இ.டி. விளக்குகள் மலிவானவை; மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். அதனால், எல்லாமே சிவப்பும் கறுப்பும்தான். 1995 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. விளையாடியவர்கள், கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று புகார் சொன்னார்கள். ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடக் கூடாது என்று எச்சரிக்கையும் இருந்தது. மொத்தமே 22 விளையாட்டுகள்; சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம் கருவிகள். ஓராண்டு கூட முழுதாக நிற்கவில்லை, விற்பனை நிறுத்தப்பட்டது.

பழைய தொழில்நுட்பம், குறைந்த விலை, புதிய யோசனை என எல்லாம் இருந்தும் ஏன் தோற்றது? அவரது மற்ற பொம்மைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லவ் டெஸ்டரை இருவர் கைகோத்துத்தான் விளையாட முடியும். கேம் பாய்களை வயரால் இணைத்து நண்பர்கள் விளையாடினர். வர்ச்சுவல் பாயிலோ, ஒருவர் மட்டும் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக் கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கூடி நின்று பார்க்கவும், கூச்சல் போடவும் வழியில்லாத விளையாட்டு, எத்தனை நாள் இனிக்கும்?

யோகோய் துவண்டு உட்காரவில்லை. கேம் பாயை இன்னும் மெலிதாக்கி, இரண்டே சிறு செல்களில் ஓடும்படி செய்த 'கேம் பாய் பாக்கெட்' கருவியை முடித்துக் கொடுத்தார். 1996 ஜூலையில் அது வெளிவந்தது. ஆகஸ்ட் 15ம் தேதி, 31 ஆண்டுகள் உழைத்த கம்பெனியிலிருந்து விடைபெற்றார். வர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம் என்று பலர் பேசினர். அது காரணமல்ல, தனியாகத் தொழில் துவங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை என்று அவரே விளக்கினார்.

முடியாத விளையாட்டு

கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்ற சிறிய நிறுவனத்தைத் துவங்கினார். 'பண்டாய்' கம்பெனிக்காக, கையடக்கமான ஒரு புதிய கருவியை உருவாக்கும் வேலையில் இறங்கினார். ஆனால், அது வெளிவருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1997ம் ஆண்டு அக்டோபர் 4ம் தேதி, இஷிகாவா பகுதியில் நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார், விபத்தில் சிக்கியது. என்ன சேதம் என்று பார்க்கக் கீழே இறங்கியபோது, வேறொரு வாகனம் அவர் மீது மோதியது. அப்போது அவருக்கு வயது, 56.

'ஒண்டர்ஸ்வான்' என்ற அந்தக் கருவி, 1999 மார்ச்சில் வெளிவந்தது. ஒரே ஒரு பேட்டரி செல்லில் ஓடியது! அதற்காக உருவான ஒரு புதிர் விளையாட்டுக்கு, அவர் நினைவாக 'குன்பே' என்றே பெயர் வைத்தனர். 2003ல், சர்வதேச விளையாட்டு உருவாக்குவோர் சங்கம், வாழ்நாள் சாதனையாளர் விருதை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது.

அவர் செய்த பொம்மைகள் இன்னும் ஓயவில்லை. 2020ல் கேம் அண்ட் வாட்ச்சுக்கு 40 வயதானபோது, மரியோ விளையாட்டோடு அதை மீண்டும் வெளியிட்டது நின்டெண்டோ. 2023ல் வந்த 'செல்டா' விளையாட்டில், தூரத்தில் இருக்கும் பொருளைத் தூக்கி நகர்த்தும் சக்திக்கு என்ன பெயர் தெரியுமா? அல்ட்ரா ஹேண்ட்! 2024 அக்டோபரில், கியோட்டோ அருகே உஜி நகரில் நின்டெண்டோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முன்பு ஹனஃபுடா சீட்டுகள் தயாரான பழைய தொழிற்சாலைக் கட்டடம்தான், அருங்காட்சியகமாக மாறியிருக்கிறது. நீளும் கையால் பந்துகளைப் பிடித்தும், கைகோத்து லவ் டெஸ்டரைப் பிடித்தும், அங்கே போகிறவர்கள் விளையாடலாம்.

வீட்டுப் பரணில் உடைந்த ரேடியோ, பழைய கால்குலேட்டர், ஓடாத கடிகாரம் என்று ஏதாவது கிடக்கிறதா குட்டீஸ்? பழைய பேப்பர்காரரிடம் போடும் முன், அதை ஒருமுறை கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசியுங்கள். யோசனை வந்தால், பெரியவர்கள் துணையோடு செய்து பாருங்கள். செய்து முடித்ததும், பக்கத்து வீட்டு நண்பனையும் விளையாடக் கூப்பிட மறக்காதீர்கள்!